வகுபட்டவள்

கோதை என்பவள் ஒரு ஆளே அல்ல என்று இயந்திரம் சொன்னபோது காலை மணி பதினொன்றே கால். பவானி தன்னெண் அலுவலகத்தில் கூட்டம் வாசல் வரை நின்றது. மூன்றாம் சன்னலில் உட்கார்ந்திருந்த சுலோச்சனா அப்போதுதான் இரண்டாவது டீயை வாயில் வைத்திருந்தாள். திரையைப் பார்த்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"உன் எண்ணு பிளக்குது அம்மிணி."

"பிளக்குதுன்னா என்னங் மேடம்?"

"ரெண்டா வகுபடுது. நீ ஆளில்லை. ரெண்டு பேரோட பிணைப்பு. அந்த ரெண்டு பேரு யாரு, எங்க இருக்காங்கன்னு கேக்குது."

கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தேழு வயது, மஞ்சள் மண்டியில் எடை போடுகிற வேலை, விரல் நகம் பத்தும் மஞ்சள். "நான் ஒருத்தி தானுங்களே நிக்கறேன்," என்று பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்களும் சிரித்தார்கள். சுலோச்சனா சிரிக்கவில்லை. சன்னலில் நின்று சிரிப்பவர்களை அவளுக்கு என்றைக்குமே ஆகாது.

இந்தத் தன்னெண் சமாசாரத்தை ஒரு தடவை சொல்லிவிட்டால் மேற்கொண்டு தடுக்காது. பெயர், முகம், கைரேகை, குரல் என்று எல்லாவற்றையும் போலியாகச் செய்ய ஜனங்கள் கற்றுக்கொண்ட பிறகு, அரசாங்கம் கடைசியில் கணக்கின் காலில் போய் விழுந்தது. பிறக்கிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பகா எண். முந்நூறு இலக்கம் வரை போகலாம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் அது வகுபடாது. மனிதனும் அப்படித்தான், பிரிக்க முடியாதவன் என்று அந்தக் காலத்து மந்திரி ஒருவர் மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கினார். இரண்டு பேரைச் சேர்க்க வேண்டுமா, கல்யாணமோ காப்பாளர் பொறுப்போ உறுப்பு தானமோ, இருவர் எண்ணையும் பெருக்கு. வருவது பிணைப்பு எண். அந்தப் பிணைப்பைப் பிரித்தால் அதே இரண்டு எண்கள்தான் வரும். உலகத்தில் வேறு எந்த ஜோடியும் வராது. ஆக, பிளக்காத எண் ஆள், பிளக்கிற எண் பிணைப்பு. மூன்றாவதாக ஒன்று வந்து சன்னலில் நிற்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"வெள்ளிக்கிழமை ஆபரேசனுங் மேடம்," என்றாள் கோதை. சிரிப்பு போயிருந்தது. "எங்கய்யனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க. நான் ஒண்ணு குடுக்கறேன். டாக்டரு எல்லாம் பொருந்துதுன்னுட்டாங்க. பெத்த புள்ளதான்னு உங்க பிணைப்புச் சீட்டு மட்டும் வேணுமாம்."

"நீ ஆளா இருந்தாத்தான பெத்த புள்ள?" என்றாள் சுலோச்சனா. "அடுத்தது யாருங்க?"

இருபத்தொன்பது வருடமாக அந்தச் சன்னலில் உட்கார்ந்தவள். பேச்சு எப்போதும் சட்டுப்புட்டென்றுதான் இருக்கும். மூன்று மாதத்தில் ஓய்வு.

அவளுக்குப் பின்னால் தனி மேசையில் நஸ்ரீன் இருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் சென்னையிலிருந்து புது இயந்திரத்தோடு வந்த தணிக்கை அதிகாரி. முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் மாவட்டத்துக்கே மேலதிகாரி. அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். கோதையை ஓரமாக அழைத்து நாற்காலி போட்டாள்.

"இங்க பாருங்க கோதை. பழைய இயந்திரம் இவ்வளவு பெரிய எண்ணை வகுத்தெல்லாம் பார்க்காது. ஆயுசு பத்தாது. அது சாட்சி கேக்கும். ஏதோ ஒரு சின்ன எண்ணை எடுத்து, அதை வச்சு ஒரு கணக்குப் போடும். அந்தச் சின்ன எண்ணுக்குப் பேருதான் சாட்சி. அது 'பகா எண் இல்லை'ன்னு சொன்னா இல்லைதான், முடிஞ்சுது. 'ஆமா'ன்னு சொன்னா, பொய்யாவும் இருக்கலாம்."

"எண்ணு பொய் சொல்லுமுங்களா அக்கா?"

"சொல்லும். பிளக்கிற எண்ணுக்கு நாலு சாட்சியில ஒண்ணு வரைக்கும் பொய் சொல்லலாம். அதனாலதான் நாப்பது சாட்சி கேக்கணும்னு விதி. நாப்பதும் வேற வேற எண்ணு, இயந்திரமே கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும். நாப்பதுல ஒண்ணாவது காட்டிக் குடுத்துடும்."

"அப்ப எனக்கு மட்டும் நாப்பது பேரும் கூடிப் பொய் சொன்னாங்களாக்கும்?"

"அது நடக்காது. யாரோ ஒரே சாட்சியைத் திரும்பத் திரும்ப நாப்பது தடவை கேட்டிருக்காங்க. ஒரே ஆளை நாப்பது தடவை கேட்டா நாப்பது சாட்சி ஆகிடுமா?"

சுலோச்சனாவின் காது இங்கேதான் இருந்தது. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"ஆபீஸ் தப்புன்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருந்தாக் கூடப் போதும்," என்றாள் நஸ்ரீன். "பதினேழாம் விதிப்படி அன்னிக்கே புது எண்ணு, பழைய உறவு உரிமை எல்லாம் அதுல ஒட்டிக்கும். சீட்டு இல்லைன்னா உங்க குடும்பம் ஏமாத்தினதா ஆகிடும். விசாரிச்சு முடிச்சுப் புது எண்ணு வர நாப்பது நாள்."

"நாப்பது நாளைக்கு எங்கய்யன் தாங்க மாட்டாருங் அக்கா."

"வீட்டுல தேடிப் பாருங்க," என்றாள் நஸ்ரீன்.

மறுநாள் மதியம் நஸ்ரீன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கோதை மூச்சு வாங்க ஓடி வந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு அட்டைச் சீட்டை எடுத்துச் சன்னல் வழியாக நீட்டினாள். நாலு மூலையும் மஞ்சள் தடவியது. "எங்கம்மா செத்தும் ஆறு வருசமாச்சுங்க. என்ற ஜாதகத்தோட சேத்து மடிச்சு வெச்சிருக்குது, புண்ணியவதி."

சுலோச்சனா சீட்டைப் பார்த்தாள். முந்நூறு இலக்கம் பொடி எழுத்தில். கீழே 'சாட்சி: 108'. அதற்கும் கீழே பச்சை மையில் 'நாற்பது சுற்றும் சரி' என்று எழுதி, வளைத்து இழுத்த ஒரு 'சு'. அந்த வளைவைப் போட அவள் சின்ன வயதில் நோட்டு நோட்டாகப் பழகியிருந்தாள்.

கோதை பிறந்த வருடம் சுலோச்சனாவுக்கு முப்பது வயது. அலுவலகத்துக்கு எதிரே நகல் எடுக்கிற கடையில் பொன்னுரங்கம் என்று ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். ராசியெண் பொன்னுரங்கம் என்றால் பவானி, அந்தியூர் எல்லாம் தெரியும். வண்டிக்கே ராசி நம்பர் தேடுகிற ஜனம், பெற்ற பிள்ளைக்குச் சும்மா ஒரு எண்ணை ஏற்குமா? பிறந்த தேதி முன்னால் நிற்க வேண்டும், நட்சத்திர எண் நடுவில் வர வேண்டும், கூட்டினால் ஐந்து வர வேண்டும். அப்படி ஒரு பகா எண்ணைத் தேடிப் பிடிக்க நல்ல இயந்திரத்துக்கே இரண்டு நாள் ஆகும். பொன்னுரங்கம் சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுவான். சின்னதாக இரண்டு பகா எண்ணை எடுத்துப் பெருக்கி, எந்தச் சாட்சியிடம் அது மாட்டாதோ அந்தச் சாட்சியையும் சேர்த்துச் சீட்டில் எழுதிவிடுவான். நூற்றெட்டு. 'சாமி எண்ணுங்க, நல்ல வாக்கு சொல்லும், இதையே கேக்கச் சொல்லுங்க.'

கைக்குழந்தையோடு வந்து கும்பிட்டு நின்றார்கள். சாட்சி எண்ணை இயந்திரம்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கையால் அடிக்கவும் ஒரு கட்டம் இருந்தது. பகா எண் யாரைக் கேட்டாலும் பகா எண்தானே, யாரைக் கேட்டால் என்ன என்று சுலோச்சனா நினைத்தாள். ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள், வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாற்பது கட்டத்திலும் 108, 108 என்று அடித்தாள். நாற்பது தடவையும் 'ஆம்' என்று வந்தது. எத்தனை பேருக்கு அப்படி அடித்தோம் என்று அவளுக்கே தெரியாது. ஆயிரத்துக்கு மேல் இருக்கும்.

அதில் ஒன்று அவள் பெற்ற மகள் நித்திலாவுக்கு. அந்த எண்ணும் பொன்னுரங்கம் கொடுத்ததுதான்.

நித்திலாவுக்கு இப்போது ஒன்பதாவது மாதம். கல்யாணமாகி ஏழு வருடம், இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாக நின்ற பிள்ளை. இந்தச் சீட்டு மேலே போனால் நூற்றெட்டு சாட்சி சொன்ன அத்தனை எண்ணையும் நிறுத்தி வைப்பார்கள். எண் நிறுத்தப்பட்டவள் பெறுகிற குழந்தை பிரசவ அறையிலிருந்து நேரே அரசு இல்லத்துக்குப் போகும். விசாரணை முடிந்து எப்போது திரும்பி வருமோ, எந்தக் கோலத்தில் வருமோ. மகள் எண்ணைப் புது இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அதில் போடுவதெல்லாம் சென்னையில் பதிவாகும்.

"இது போதுமுங்களா மேடம்?" என்றாள் கோதை.

"போதும் கண்ணு." அவளுக்கே ஆச்சரியமாக, குரல் வெல்லமாக வந்தது. "குடுத்துட்டுப் போ. நான் மேல அனுப்பறேன்."

"கையில ஒரு ரசீது..."

"என் மேல நம்பிக்கை இல்லையா அம்மிணி? இருபத்தொம்பது வருசமா இங்க உக்காந்திருக்கேன்."

"ஐயோ, அப்பிடியெல்லாம் இல்லீங்," என்று கோதை பதறிப்போய்க் கும்பிட்டாள். "மவராசியா இருப்பீங்க" என்றாள். அப்படியே மருத்துவமனைக்குப் பஸ் ஏற ஓடினாள்.

சுலோச்சனா சீட்டை எட்டாகக் கிழித்தாள். சாப்பிட்டு மீந்த தயிர்ச்சோற்றோடு டிபன் பாக்ஸில் போட்டுப் பிசைந்தாள். குழாயடியில் போய்க் கழுவினாள். பச்சை மை கொஞ்ச நேரம் தண்ணீரில் ஓடியது. பின்னர் வெறும் சோற்றுப் பருக்கை.

கோப்பைத் திறந்தபடி விட்டால் நஸ்ரீன் கிளறுவாள். ஆகவே மூட வேண்டும். பிளக்கிற எண் பிணைப்பு என்பதுதானே சட்டம்? கோதையின் எண்ணை அப்படியே பிணைப்புப் பதிவேட்டில் ஏற்றினாள். என்ன வகைப் பிணைப்பு என்று கேட்டது. திருமணம் என்றால் இருவர் வயதும் கேட்கும். தானம் என்றால் மருத்துவமனைச் சான்று கேட்கும். காப்பாளர் பிணைப்பு ஒன்றுதான் ஆட்கள் இல்லாமலே பதிவாகும், பிறக்காத அனாதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காப்பாளர் குறிக்க அரசாங்கம் விட்டுவைத்த வழி. அதை அமுக்கினாள். 'இருவரும் இன்னும் ஒதுக்கப்படவில்லை' என்று வந்தது. குறிப்பில் 'குடும்பத்தார் எந்த ஆவணமும் தரவில்லை' என்று அடித்துத் தன் பெயரைப் போட்டாள். கோதைக்குள்ளே இருந்த அந்த இரண்டு பகா எண்களும் காலி எண் பட்டியலுக்குப் போய்ச் சேர்ந்தன.

வியாழக்கிழமை காலை ஒரு வேன் வந்து நின்றது. கோதையின் அப்பா மாரப்பனை நாற்காலியோடு இறக்கினார்கள். ஒரு காலத்தில் மண்டியில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கியவராம். இப்போது முகம் ஊதி, கால் ஊதி, கண் மட்டும் இருந்தது. அவருக்குப் பின்னால் தெருவே வந்திருந்தது. மண்டி ஆட்கள், ரேஷன் கடைக்காரர், கோதைக்கு அஞ்சாவது வகுப்பு எடுத்த டீச்சர், பிரசவம் பார்த்த நர்சம்மா. எண்ணி நாற்பது பேர்.

"எண்ணு சாட்சிதான் வேணும்னு தெரியுமுங் மேடம்," என்றாள் கோதை. "இவங்கதான் கேக்காம வந்துட்டாங்க."

"நாப்பது பேரும் வேற வேற ஆளுங்க," என்றார் மாரப்பன். பேச்சுக்கு இடையில் மூச்சு வாங்கியது. "எத்தன தடவ வேணாலும் தனித்தனியாக் கேளுங்க. இது என்ற புள்ள. பொறந்தன்னிக்கு இந்தக் கையில வாங்குனேன். இது பொய்யின்னு ஒருத்தன் சொல்லட்டும், நான் இப்பிடியே திரும்பிப் போயிர்றனுங்க."

"ஜனங்க சொல்றதெல்லாம் சாட்சியாகாதுங்க," என்றாள் சுலோச்சனா. "விதின்னா விதிதான்."

"அதான் சீட்டு குடுத்தனுங்களே!" என்றாள் கோதை.

நஸ்ரீன் எழுந்து வந்தாள். "என்ன சீட்டு?"

"முந்தாநேத்து மத்தியானம் மேடம் கையில குடுத்தனுங்க அக்கா. எங்கம்மா வெச்சிருந்தது. பச்சை மையில எழுதியிருந்துச்சு."

"எதைக் குடுத்த?" என்றாள் சுலோச்சனா. கோதையின் கண்ணை நேராகப் பார்த்தே கேட்டாள். "எங்கிட்ட யாரும் எதுவும் குடுக்கலீங்க நஸ்ரீன். கோப்புலயே எழுதிட்டேன். பாவம், அப்பன் சாகக் கிடக்கறாரு, புத்தி தடுமாறுது."

"ரசீது வாங்கினீங்களா கோதை?"

கோதை இல்லை என்று தலையாட்டினாள். சுலோச்சனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, ஒரு பெரிய மனுஷி இப்படிப் பொய் சொல்வாளா என்கிற திகைப்புதான் இருந்தது. அது சுலோச்சனாவை என்னவோ செய்தது. ஒரே ஒரு நிமிடம்தான். அவள் நித்திலாவின் வயிற்றை நினைத்துக்கொண்டாள்.

நஸ்ரீனுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் காகிதம் இல்லாத சந்தேகத்துக்கு அவள் வேலையில் இடமில்லை. நாற்பது பேரும் வேன் வரை கூடவே போனார்கள். மாரப்பன் ஏறும்போது "பரவால்ல விடு சாமி, பரவால்ல விடு" என்று மகளுக்குத்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டு போனார்.

பத்தொன்பதாம் நாள் அவர் செத்துப்போனார். கோதையால் கொள்ளிப் பத்திரத்தில்கூடக் கையெழுத்துப் போட முடியவில்லை. ஆளில்லாதவள் எப்படிப் போடுவாள்? மண்டி முதலாளி போட்டார். 'இறந்தவருக்கு வாரிசு இல்லை' என்று சான்றிதழில் அச்சாகி வந்தது. அதை அச்சடித்துக் கொடுத்ததும் மூன்றாம் சன்னல்தான்.

ஐந்து நாள் கழித்து நித்திலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறப்புப் பதிவுக்குத் தாயின் எண்ணைப் புது இயந்திரத்தில் போடுவது கட்டாயம். சுலோச்சனா அன்று மருத்துவமனை நடையில் எல்லாத் தெய்வத்துக்கும் வேண்டிக்கொண்டாள், சங்கமேஸ்வரருக்கு முடி இறக்குவதாகச் சொன்னாள். முடிவு வந்தது. பிளக்கவில்லை. அசல் பகா எண். அதிகாரி வீட்டுப் பிள்ளை என்று பொன்னுரங்கம் அன்றைக்கு இரண்டு நாள் மெனக்கெட்டு நிஜமாகவே தேடிக் கொடுத்திருக்கிறான்.

சுலோச்சனா கழிப்பறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டு அழுதாள். முதலில் சந்தோஷத்தில்தான். அப்புறம் மாரப்பனின் ஊதிய முகம் வந்தது. அந்தச் சீட்டைக் கிழித்திருக்கவே வேண்டியதில்லை. மேலே அனுப்பியிருந்தால் மகள் எண் ஒரு நிமிடத்தில் தேறியிருக்கும், அந்த மனிதரும் இருந்திருப்பார். செய்த பாவம் வீண் பாவம். "நான் எனக்காகவா செஞ்சேன்?" என்று கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள். முகம் கழுவிக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போனாள்.

பேத்திக்கு எண் எடுக்க வேண்டும். நாற்பது சாட்சி சொன்ன எண் எதையும் அவள் மனது இனி ஏற்கவில்லை. சாட்சியே வேண்டாத, புது இயந்திரம் முழுக்க வகுத்துப் பார்த்து நிரூபித்த எண்தான் வேண்டும். பவானியில் அப்படி இரண்டே எண்கள் இருந்தன. இரண்டும் கோதையிடமிருந்து வந்தவை. அதோடு குட்டை எண்கள். முந்நூறு இலக்கத்தில் பாதிதான். காலிப் பட்டியலில் குட்டை எண் வந்தால் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வது அலுவலகத்தில் எல்லோருக்கும் வழக்கம். சுலோச்சனாவுக்கு ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. பதிவேட்டில் அந்தப் பிணைப்பு தூங்குகிறது. ஆனால் விழிக்க இரண்டு பேர் வேண்டுமே? இன்னொரு எண்ணை யார் எடுக்கப் போகிறார்கள்? நீக்கிவிடலாம் என்றால் நஸ்ரீன் கையெழுத்து வேண்டும், ஏன் என்று கேட்பாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். இரண்டில் குட்டையானதைப் பேத்திக்குப் போட்டாள்.

நாற்பதாம் நாள் கோதை வந்தாள். இளைத்திருந்தாள். நகத்தில் மஞ்சள் இல்லை; ஆளில்லாதவளை மண்டியில் வேலைக்கு வைக்கச் சட்டம் விடாது. சுலோச்சனா குனிந்து எதையோ தேடுவது போல் இருந்தாள். நஸ்ரீனே கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள்.

"உங்களுக்கு ஒரு நல்ல எண்ணா எடுத்து வச்சிருக்கேன் கோதை. உங்க பழைய எண்ணுக்குள்ள இருந்ததுல ஒண்ணு. முழுசா நிரூபிச்ச எண்ணு, யாராலயும் இனிமே உங்களைப் பிளக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் அது உங்களோடதுதானே?"

"எதுவா இருந்தா என்னங்க அக்கா," என்றாள் கோதை.

சுலோச்சனா நிமிர்ந்தாள். "அது வேண்டாங்க நஸ்ரீன்," என்றாள்.

"ஏன் மேடம்?"

அதற்குள் நஸ்ரீன் பொத்தானை அமுக்கிவிட்டிருந்தாள். கோதையின் புது அட்டை வந்து விழுந்தது. அச்சு இயந்திரம் நிற்கவில்லை. இன்னொரு தாளையும் தள்ளியது.

நஸ்ரீன் அதை எடுத்துப் படித்தாள். மறுபடி படித்தாள். நிறம் மாறிப்போய்ச் சுலோச்சனாவைப் பார்த்தாள்.

"மேடம், காப்பாளர் பிணைப்பு ஒண்ணு இன்னிக்கு அமலுக்கு வந்திருக்கு. இதுவரைக்கும் ஆள் இல்லாம இருந்தது. ரெண்டு எண்ணும் இப்ப ஆளுக்குப் போயிடுச்சு. மூத்தவர் காப்பாளர், கோதை. இளையவர்..." அவள் குரல் இறங்கியது. "உங்க பேத்தி."

"அது பிணைப்பே இல்லை!" சுலோச்சனா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "அது இவளோட பழைய எண்ணுங்க! நான்தான் அப்படிப் பதிஞ்சேன், கோப்பை மூடறதுக்கு!"

"அந்த எண்ணு இந்த ரெண்டாத்தான் பிளக்கும், வேற எப்படியும் பிளக்காது. அதனால இயந்திரத்துக்கு வேற யாரையும் சொல்ல வழியில்லை. காப்பாளர் உரிமை பெத்தவங்க உரிமைக்கும் மேல, உங்களுக்கே தெரியும். இன்னிக்கே ஒப்படைக்கணும்னு போட்டிருக்கு. எதிர்த்து வழக்குப் போட்டா மூணு வருஷம் ஆகும்."

"நஸ்ரீன், நான் சொல்றேன் பாருங்க, அது ஆபீஸ் தப்பு. நூத்தெட்டை நாப்பது தடவை அடிச்சது நான். என் கையால அடிச்சேன்!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. நஸ்ரீன் அந்தத் தாளைக் கோதையின் முன் வைத்தாள்.

"நீங்க அந்தக் குழந்தையோட பாட்டி. உங்க வாய்ச் சொல் செல்லாது மேடம். ஆபீஸ் தப்புன்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருந்தாக் கூட, இன்னிக்கே இதை ரத்து பண்ணிடலாம்."

சுலோச்சனா கோதையின் பக்கம் திரும்பினாள். சன்னலைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்தாள். "சொல்லு கண்ணு. நீ எங்கிட்ட சீட்டு குடுத்தயல்ல? பச்சை மையில, மஞ்சள் தடவி... நீ குடுத்தது நெசம்தான்னு சொல்லு. நீயும் சொன்னா விசாரணைன்னு ஒண்ணு வைப்பாங்க, அதுவரைக்கும் நிறுத்தி வைப்பாங்க. ஏழு வருசம் தவங்கிடந்து பெத்த புள்ள சாமி. பதினாறு நாள்தான் ஆகுது."

"அப்படி நடந்ததா கோதை?" என்று கேட்டாள் நஸ்ரீன். "நீங்க சொன்னா எழுதிக்கிறேன்."

கோதை தன் புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் எந்தச் சீட்டும் குடுக்கலீங் அக்கா," என்றாள். "மேடம்தான் அன்னிக்கே கோப்புல எழுதியிருக்காங்களே. அப்பன் சாகக் கிடந்தாரு, எனக்குப் புத்தி தடுமாறிப் போச்சு."

மேசையில் சுலோச்சனாவின் போன் அடித்தது. நித்திலா. யாரும் எடுக்காததால் அது தானாகவே குரல் செய்தியைப் பேசியது. "அம்மா, வரும்போது பாப்பாவுக்கு கிரைப் வாட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, வயிறு உப்பசமா இருக்கு போல, அழுதுட்டே இருக்கா." பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பின்பு அதுவும் நின்றது.

சுலோச்சனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோதை தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். குனிந்து, மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்பவளாகக் கேட்டாள்.

"ஏனுங் மேடம், புள்ளைக்குப் பசும்பாலு ஒத்துக்குமுங்களா?"